பன்னிரண்டு பந்து பாக்கி

முதலில் துரோகம் செய்தவன் அர்த்தநாரி. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன் சார், ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் மாரப்பன் வந்து வேறு மாதிரி சொல்வான். மாரப்பன் நல்லவன்தான். ஆனால் அவனுக்கு எல்லாருமே நல்லவர்கள். அப்படிப்பட்ட ஆளிடம் போய் நியாயம் கேட்கக் கூடாது.

உட்காருங்கள். அந்த டயரில் வேண்டாம், அது அர்த்தநாரி உட்காருகிற டயர். இப்படி வாங்க, இதில் உட்காருங்கள். கம்பி எதுவும் குத்தாது, நான் பார்த்துத்தான் போட்டிருக்கிறேன்.

மாரப்பன் வீட்டு மாடிக்குக் குடி வந்திருப்பது நீங்கள்தானே? சொன்னான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சும்மாதான் இருக்கிறேன், நானும் விளையாட வரலாமா என்று கேட்டீர்களாம். வரலாம். தாராளமாக வரலாம். ஆனால் நேராகப் போய் பேட்டைப் பிடிக்கக் கூடாது. இங்கே ஆட்டத்துக்கு ஒரு முறை இருக்கிறது. டிவியில் காட்டுகிறார்களே, அது இல்லை. அங்கே பதினோரு பேர் ஒரு கட்சி, பதினோரு பேர் இன்னொரு கட்சி. இங்கே கட்சி கிடையாது.

முன்பு கட்சி பிரித்துத்தான் ஆடினோம். ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு ரன் அவுட்டில் தகராறு வந்து, இரண்டு பேர் பேச்சை நிறுத்திக்கொண்டு, ஒருத்தன் மகள் கல்யாணத்துக்கு இன்னொருத்தனுக்குப் பத்திரிகையே வைக்கவில்லை. வைக்காதவன் நான்தான். வைத்திருக்கலாம் என்று பாவாயி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பாவாயி என் சம்சாரம். அர்த்தநாரிக்குக் கூடப் பிறந்த அக்கா. அதனால் அவள் சொல்வதை நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டாம்.

அன்றிலிருந்து தனித்தனி ஆட்டம். எட்டுப் பேர் வந்தால் எட்டுப் பேரும் ஒவ்வொருத்தராக அடிக்க வேண்டும். மற்ற ஏழு பேரும் பந்து பொறுக்க வேண்டும். ஆளுக்குப் பன்னிரண்டு பந்து. நடுவில் அவுட்டானால் அத்தோடு சரி. முதலில் ஒரு ட்ரையல் பந்து உண்டு, அது கணக்கில் வராது, கை சூடாவதற்கு. அதோ மூன்று டயர் அடுக்கி வைத்திருக்கிறதே, அதுதான் ஸ்டம்பு. டயர் என் கடை டயர். நான் பஞ்சர் ஒட்டுகிறவன். ரோட்டோரத்தில் ‘பொங்கியண்ணன் டயர் ஒர்க்ஸ்’ என்று போர்டு பார்த்திருப்பீர்கள். அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். ஆனால் பன்னிரண்டு வரைக்கும் தப்பில்லாமல் எண்ணுவேன். இந்த ஆட்டத்துக்கு அது போதும்.

கேளுங்கள். ஒரு தடவை தரையில் குத்தி எழும்பிய பந்தை ஒற்றைக் கையில் பிடித்தால் அவுட்டு. டீக்கடைக்குள் போனால் அவுட்டு, அந்தம்மா பந்தைத் தர அரை மணி நேரம் ஆக்கும். நிற்கிற லாரி மேல் பட்டால் இரண்டு ரன். ஓடுகிற லாரி மேல் பட்டால் ஆறு. சங்ககிரியில் லாரி இல்லாத பக்கமாகப் பார்த்து அடிக்க முடியாது சார், அதனால் இப்படி. பந்து போடுகிறவன் கையைச் சுழற்றித்தான் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எங்களில் பாதிப் பேருக்குத் தோள் சுற்றாது. மாங்காய் அடிக்கிற மாதிரி எறியலாம். ஆனால் யார் போடுவது என்பதற்குச் சட்டம் உண்டு. அடித்து முடித்தவன், அடுத்து வருகிறவனுக்குப் பந்து போட வேண்டும். சாப்பிட்டவன் தன் இலையைத் தானே எடுக்கிறானே, அந்த மாதிரி. வேறு யாரும் போடக் கூடாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

யார் முதலில் அடிப்பது என்பதற்கு நம்பர் போடுவோம். ஒருத்தன் மண்ணில் வரிசையாகக் கோடு கிழித்து, ஒவ்வொரு கோட்டுக்குத் தலையிலும் ஒரு நம்பர் எழுதி, நம்பரை பேட்டால் மூடிவிடுவான். கோட்டு வால் மட்டும் வெளியே தெரியும். ஆளுக்கு ஒரு கோட்டைத் தொட வேண்டும். பிறகு பேட்டைத் தூக்கினால் அவரவர் நம்பர் தெரியும். நான் எப்போதும் வலது கை ஓரக் கோட்டைத்தான் தொடுவேன். அது என் ராசி. பதினைந்து வருஷமாக அதையேதான் தொடுகிறேன். இதில் ஒரு மர்மம் என்னவென்றால், அர்த்தநாரி நம்பர் போடுகிற அன்றைக்கெல்லாம் எனக்குக் கடைசி நம்பர்தான் வரும். எப்படிச் செய்கிறான் என்று எனக்கு இன்று வரை பிடிபடவில்லை. பக்கத்தில் நின்று உற்றுப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் தெரியவில்லை.

இப்போது பெரிய சட்டத்துக்கு வருகிறேன். கடைசி நம்பர்காரன் அடித்து முடிக்காமல் ஆட்டம் முடியாது. வெளிச்சம் போய்விட்டால், அடுத்த ஞாயிறு அவன் தன் பன்னிரண்டு பந்தையும் அடித்த பிறகுதான் புது ஆட்டம். அதற்குப் பாக்கி என்று பேர். ஆனால் பந்து தொலைந்துவிட்டால் ஆட்டமும் போச்சு, பாக்கியும் போச்சு.

இந்தக் கடைசிச் சட்டத்தை யார் போட்டது என்கிறீர்களா? நான்தான் போட்டேன். அது ஒரு கதை. சுருக்கமாகச் சொல்கிறேன். சீமைக் கருவேலத்துக்குப் பின்னால் கிணறு தெரிகிறதல்லவா? மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு நான் ஏழாவது, அர்த்தநாரி எட்டாவது. என்னுடைய கடைசிப் பந்து நேராகக் கிணற்றுக்குள் போய் விழுந்தது. வேண்டுமென்றா அடித்தேன்? காற்று. அர்த்தநாரி பேட்டைக் கையில் வாங்கிக்கொண்டு நிற்கிறான். நான் சொன்னேன், பந்து தொலைந்தது, ஆட்டம் முடிந்தது, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.

“தொலையலீங் மாமா, கெணத்துலதான் கெடக்குது. இங்கிருந்தே தெரியுது பாருங்க, மெதக்குது” என்றான்.

“கைக்கு எட்டாத பந்து தொலஞ்ச பந்துதான்டா” என்றேன்.

மாரப்பன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பார்க்கட்டும். அர்த்தநாரி பேட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான். மறுநாள் காலையில் பார்த்தால் வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பந்தை எடுத்து, துடைத்து, என் கடையில் கொண்டுவந்து வைக்கிறான். எங்கேயோ கிழிந்து உள்ளே தண்ணீர் ஏறியிருந்தது. நான் லாரி ட்யூபில் ஒரு துண்டு வெட்டி, சுரண்டி, சொல்யூஷன் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். கருப்பு ஒட்டு, தேங்காய்க் கண் அளவுக்கு. என் வேலை நான் செய்தேன். அத்தோடு அந்தக் கணக்கு நேராகிவிட்டது. ஆனால் அவன் அதை மனதில் வைத்திருந்தான் சார். இத்தனை நாளாக ஒரு ரப்பர் பந்தை மனதில் வைத்துக்கொண்டிருக்கிறவன் எப்படிப்பட்டவனாக இருப்பான், நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த சித்திரையில் காட்டினான்.

நல்ல வெயில் காலம். எட்டுப் பேர் வந்திருந்தோம். அர்த்தநாரிதான் நம்பர் போட்டான். எனக்கு எட்டு. அவனுக்கு ஏழு. சரி, விதி என்று பந்து பொறுக்கப் போனேன். நாலரை மணியிலிருந்து பொறுக்கினேன் சார். கருவேல முள்ளுக்குள் போய் எடுத்தேன். லாரிக்கு அடியில் படுத்து எடுத்தேன். மாரப்பன் அடித்த ஒன்றை எடுக்கச் சாக்கடைக்குள் கையை விட்டேன். ஆறு பேர் அடித்து முடித்தார்கள். ஒருத்தனாவது சீக்கிரம் அவுட்டாக வேண்டுமே? மாட்டார்கள். அன்றைக்கென்று எல்லாருக்கும் ஆட்டம் வருகிறது.

அர்த்தநாரி உள்ளே வந்தான். பதினொரு பந்தும் தட்டித் தட்டி விட்டான். வெளிச்சம் நன்றாகவே இருந்தது. எனக்குக் கை பரபரத்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டம்புக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுவிட்டேன். அப்போது அந்த ஓரத்திலிருந்து நம்ம ஊர் டிரைவர் குழந்தைவேலு லாரி கிளம்புகிறது. ஜவ்வரிசி லோடு, நாக்பூருக்கு. பன்னிரண்டாவது பந்து. அதுவரைக்கும் தட்டிக்கொண்டிருந்தவன் ஒரு காலை மடக்கித் தூக்கினான் பாருங்கள், பந்து மேலே போய், லாரி தலையில் குத்தி, எகிறி, பின்னால் தார்ப்பாய் மூலையில் ஒரு மடிப்புக்குள் நழுவிப் போய்விட்டது. வெளியே வரவேயில்லை. லாரி போகிறது.

அர்த்தநாரி என்ன தொழில் செய்தான் தெரியுமா? தார்ப்பாய் தைக்கிறவன். அந்தத் தார்ப்பாயைத் தைத்ததும் அவன்தான். அந்த மூலையில் கயிறு கோக்கிற வளையம் பிய்ந்திருக்கிறது, அங்கே வாய் திறந்திருக்கும் என்று அவனுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? எனக்குக் கிணறு தற்செயல். அவனுக்கு லாரி தற்செயலா?

அவன் கையிலிருந்து பேட்டைப் பிடுங்கிக்கொண்டு லாரி பின்னால் ஓடினேன். “டேய் குழந்தைவேலு, நிறுத்துடா” என்று பேட்டை ஆட்டிக் கத்திக்கொண்டே ஓடினேன். அவன் கண்ணாடியில் பார்த்தான். பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினான். பிறகு சொன்னான், அதற்கு முந்தின வாரம் என் கடையில் ஜாக்கியை வாங்கிக்கொண்டு போனவன் திருப்பித் தரவில்லை, அதற்காகத்தான் அடிக்க வருகிறேன் என்று நினைத்தானாம். பைபாஸ் ஏறுகிற வரைக்கும் ஓடினேன். அறுபத்தோரு வயதில்.

திரும்பி வந்தால், அர்த்தநாரி கால்சட்டைப் பையிலிருந்து ஒரு புதுப் பந்தை எடுக்கிறான்! விளையாட வருகிறவன் எதற்குப் பையில் புதுப் பந்தோடு வருகிறான்?

“மாமா, பந்து போச்சுங். ஆட்டம் முடிஞ்சுதுங். கைக்கு எட்டாத பந்து தொலஞ்ச பந்து. நீங்க போட்ட சட்டந்தானுங்” என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். மாரப்பன் டயர் மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

நான் சொன்னேன், “தொலையலடா. நாக்பூர் போகுது. போற எடம் தெரிஞ்ச பந்து எப்படித் தொலஞ்ச பந்தாவும்? லாரிக்கு நம்பர் இருக்குது. டிரைவருக்குப் பேர் இருக்குது. கெணத்துக்கு நம்பர் இருக்குதா?”

பதில் சொல்ல முடிந்ததா அவர்களால்? முடியவில்லை. இன்னும் சிரித்தார்கள். சிரிப்பு பதில் ஆகுமா?

பேட் என் கையில்தானே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். என் பன்னிரண்டு பந்து முடியாமல் இங்கே புது ஆட்டம் நடக்கக் கூடாது. அடுத்த ஞாயிறு யாரோ பட்டறையில் கேட்டு ஒரு பலகையைச் செதுக்கிக் கொண்டுவந்தார்கள். நான் ஒரு சேரை எடுத்துவந்து பிச்சின் நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டேன். பேப்பர் படித்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கு நேரம் ஆகும். பொழுது சாய்கிற வரைக்கும் ஒரு பக்கம் முடியவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே.

வீட்டில் பாவாயி பிடித்துக்கொண்டாள். “ஏனுங், பேரன் பேத்தி எடுத்த மனுசன் ஒரு ரப்பர் பந்துக்காவ என்ற தம்பிகூடப் பேசாம இருப்பீங்களா? ஊரே சிரிக்குது.”

“ஊர் சிரிக்கலாம். பாக்கி பாக்கிதான்” என்றேன்.

“கண்ணாலத்தன்னைக்கு சைக்கிள் ரிம்ம வளச்சுட்டான்னு பத்து வருசம் பேசாம இருந்தீங்க. இப்ப இது.”

ஆமாம், அதை உங்களிடம் சொல்ல மறந்துவிட்டேன். என் கல்யாணத்தன்று புது சைக்கிளை வாங்கி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருகிறேன் என்று போனவன், முன் ரிம்மை எட்டாக வளைத்துக் கொண்டுவந்தான். அதை இது வரைக்கும் நிமிர்த்தித் தரவில்லை. அது தனி. இதோடு சேர்க்க வேண்டாம்.

அர்த்தநாரியே ஒரு நாள் வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்றுகொண்டு, “மாமா, புதுப் பந்துலயே பன்னண்டும் போட்டர்றனுங். வாங்க, இப்பவே போலாம். சும்மா லொள்ளுக்குத்தானுங் சொன்னேன்” என்றான். அக்காள் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“அதே ஆட்டம்னா அதே பந்து” என்று சொல்லிவிட்டேன்.

கடைசியில் மாரப்பன்தான் ஒரு வழி சொன்னான். “பொங்கியண்ணா, பந்து வர்ற வரைக்கும் ஆட்டம் நிக்கட்டும். நாங்க சும்மா பிராக்டிஸ் பண்ணிக்கறோம். எதுவும் கணக்குல வராது. பேட்டக் குடு” என்றான். எனக்கு அது நியாயமாகப் பட்டது. பேட்டைக் கொடுத்தேன்.

ஆகவே இப்போது நீங்கள் பார்க்கிறது எதுவும் ஆட்டம் இல்லை சார். பிராக்டிஸ். இரண்டு வருஷமாகப் பிராக்டிஸ்தான். போன மாசி மாதம் மாரப்பன் பன்னிரண்டு பந்தில் முப்பத்தொன்று அடித்தான். இந்தப் பொட்டலில் யாரும் அடித்ததில்லை. கணக்கில் வராது. சொந்த வாயால் சட்டம் போட்டவன், பாவம், நின்று முழிக்கிறான். நான் பிராக்டிஸில் பேட்டைத் தொடுவதில்லை. ஒரு பந்து தொட்டாலும் போதும், அடித்துவிட்டான், பாக்கி தீர்ந்தது என்று சொல்லிவிடுவார்கள். இரண்டு வருஷமாக நான் ஒரு பந்துகூட அடிக்கவில்லை. கை மறந்திருக்கும். பரவாயில்லை.

குழந்தைவேலு லாரி திரும்பி வந்ததா என்கிறீர்களா? வந்தது. இருபத்து மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை மத்தியானம். அது வரைக்கும் அவனுக்கு எட்டுத் தடவை போன் செய்திருந்தேன்.

கொஞ்சம் கிட்டே வாருங்கள். இதை மாரப்பனிடம் சொல்லக் கூடாது.

கடையில் நான் மட்டும்தான் இருந்தேன். குழந்தைவேலு முதலில் ஜாக்கியைக் கொடுத்தான். பிறகு பையிலிருந்து பந்தை எடுத்தான். நாக்பூரில் மூட்டை இறக்குகிறவர்கள் தார்ப்பாயைப் பிரித்ததும் பந்து உருண்டு விழுந்திருக்கிறது. அங்கேயே ஆட ஆரம்பித்துவிட்டார்களாம். இவன் ஒட்டைப் பார்த்திருக்கிறான். பொங்கியண்ணன் ஒட்டு என்று ஆயிரம் ஒட்டுக்கு நடுவில் வைத்தாலும் இந்த லைனில் ஓடுகிற டிரைவர்களுக்குத் தெரியும் சார். சண்டை போட்டு வாங்கி வந்திருக்கிறான்.

“ஏனுங்ணா, இதுக்கா எட்டுத் தடவ கூப்டீங்க? யாருக்கோ உசுருக்கு ஆபத்துன்னு நெனச்சேன்” என்றான்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பந்தை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு, கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு, நேராக அர்த்தநாரி கடைக்கு நடந்தேன். அவன் மூஞ்சிக்கு நேராக நீட்டி, “இந்தாடா, எட்டாத பந்து. வந்து போடு” என்று சொல்ல வேண்டும். போகிற வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

போனால் கடை வாசலில் டெம்போ நிற்கிறது. தையல் மிஷினை ஏற்றுகிறார்கள். உள்ளே தார்ப்பாய்ச் சுருள் ஒன்றுகூட இல்லை. அர்த்தநாரி காலிக் கடையின் நடுவில் விளக்குமாற்றோடு நிற்கிறான்.

அவன் சம்சாரம் தவறி அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. மகன் ஓசூரில் வேலை. இனிமேல் தனியாக இருக்க வேண்டாம், வந்துவிடு என்று கூப்பிட்டிருக்கிறான். எல்லாம் முடிவாகி, கடையை ஒப்படைத்து, நாளைக்குப் பயணம். இத்தனையும் நடந்திருக்கிறது, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று வாரமாக நான் அவனிடம் பேசவில்லை, சரி. அதற்காகச் சொல்லாமல் போய்விடுவதா? இதையும் அவன் கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன்.

என்னைப் பார்த்ததும் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு வந்தான்.

“வாங் மாமா. பந்து வந்துச்சுங்களா? வந்திருந்தா குடுங்க, பன்னண்டையும் இப்பவே போட்டர்றேன். ஒரு பாக்கியும் வெக்காம நிம்மதியாப் போயர்றேன்.”

பாருங்கள் சார், அவன் எண்ணத்தை. நிம்மதியாகப் போக வேண்டுமாம். ஒரு பாக்கியும் வைக்காமல் போக வேண்டுமாம். பன்னிரண்டு பந்தைப் போட்டால் எவ்வளவு நேரம்? பத்து நிமிஷம். பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஓசூருக்கு பஸ் ஏறிவிடலாம், பிறகு இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே வேண்டாம் என்று திட்டம் போட்டிருக்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்தில் பந்தை மடிப்புக்குள் இன்னும் உள்ளே தள்ளினேன்.

“வரல” என்றேன்.

“கொழந்தவேலு லாரி உங்க கடைக்கு முன்னால நிக்குதுங்களே?”

“லாரி வந்துருச்சு. பந்து வரல.”

“அப்பப் பந்து?”

“நாக்பூர்ல இருக்குது. எந்த எடம்னு தெரியும். வந்துரும்.”

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு என் இடுப்பைப் பார்த்தான். வேட்டி மடிப்பு கொஞ்சம் புடைத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நான் கையை வைத்து மறைத்துக்கொண்டேன், அவனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. பிறகு எதற்கோ சிரித்தான். கண்ணெல்லாம் தண்ணீர், காலிக் கடையில் தூசி அவ்வளவு.

“அப்பப் பாக்கி அப்படியே நிக்குதுங்” என்றான்.

“நிக்குது.”

“நாந்தான வந்து போடோணும்?”

“வேற யாரு போட்டாலும் செல்லாது. சட்டம்.”

“செரீங் மாமா. மாசாமாசம் ரெண்டாவது ஞாயித்துக்கெழம லீவுல பையன் ஊட்ல இருப்பான், ஊட்டப் பாத்துக்குவான். நா வந்து கேட்டுட்டுப் போறேன்” என்றான்.

அன்றிலிருந்து மாதம் ஒரு தடவை, இரண்டாவது ஞாயிறு, ஓசூரிலிருந்து சேலம் வந்து, அங்கே பஸ் மாறி வருகிறான். ஒரு வழிக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மழைக்கும் வந்தான். காய்ச்சலோடு ஒரு தடவை வந்தான். வரட்டும். கடன்பட்டவன் வரத்தான் வேண்டும். அன்றைக்குக் காலையிலிருந்தே பாவாயி அடுப்படியில் உருட்டிக்கொண்டிருப்பாள். எனக்கு வாரம் பூராவும் ரசம், அவன் வருகிற அன்றைக்கு நாட்டுக்கோழி. நானும் அதையேதான் சாப்பிடுகிறேன், அது வேறு. இந்தப் பொட்டலுக்கு வந்து, அதோ அந்த டயரிலேயே உட்கார்ந்து, பிராக்டிஸில் நாலு பந்து எறிந்துவிட்டு, ஊர்க் கதை எல்லாம் பேசிவிட்டு ஆறரை பஸ்ஸுக்குப் போகிறான். போகிறபோது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் போவேன். ஆள் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா?

பந்தா? இருக்கிறது. இருங்கள், காட்டுகிறேன். கையில் வாங்க வேண்டாம். இந்த மஞ்சள் பைக்குள்தான். கடையில் வைத்தால் யாராவது எடுத்துவிடுவார்கள், வீட்டில் வைத்தால் பாவாயி. அதனால் எங்கே போனாலும் என்னோடு வரும். பாருங்கள், ஒட்டு எப்படி நிற்கிறது. தை மாதம் ஓரம் கொஞ்சம் விட்டது, மறுபடி சுரண்டி ஒட்டினேன். பந்து நல்லபடியாக இருக்க வேண்டும். நாளைக்கு அவன் பந்து சரியில்லை என்று சாக்குச் சொல்லக் கூடாது.

எப்போது வெளியே எடுக்கப் போகிறேன் என்றால், அது என் இஷ்டம் சார். கடன் கொடுத்தவன் நான். அவசரம் எனக்கு இல்லை. எண்பது வயதில்கூடக் கேட்பேன். அது வரைக்கும் அவன் அலையட்டும்.

சரி, பார்த்தது போதும், பையை மூடிவிடுகிறேன். பஸ் வந்து நிற்கிறது. வெள்ளைச் சட்டை, கையில் கூடை, அதோ இறங்குகிறானே, அவன்தான். நடையைப் பாருங்கள், துரோகி நடை. போன தடவையைவிட இளைத்திருக்கிறான். மருமகள் சரியாகச் சோறு போடுவதில்லை போலிருக்கிறது, பாவாயியிடம் சொல்ல வேண்டும். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். கேளுங்கள், அங்கிருந்தே கத்துவான்.

“மாமா! பந்து வந்துச்சுங்களா?”

“வரலடா!”

“செரீங்!”

பார்த்தீர்களா? செரீங்கறான். முகத்தில் கொஞ்சமாவது கவலை இருக்கிறதா? சிரித்துக்கொண்டு வருகிறான். கூடையில் கொய்யாப்பழம் இருக்கும், ஒன்று கொடுப்பான், வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதற்காக அவன் பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். பன்னிரண்டு பந்து சார். ஒன்றுகூடக் குறைத்துக்கொள்ள மாட்டேன். கணக்காகப் பார்த்தால் ட்ரையல் பந்தையும் சேர்க்க வேண்டும். பதின்மூன்று.